நாலு என்று எழுதிய காலைகள்

இங்கே ஜெர்மனியில், நான் வேலை செய்யும் நிக்கல் முலாம் பட்டறையில், அளவு மீறிய எண்ணை எழுதுவதற்கென்றே ஒரு சிவப்புப் பேனையை மேசையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்; அதைத் தொடவில்லை. காலையில் தொட்டிக் கரைசலின் பிஎச் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. நாலு இருக்க வேண்டும். ஏறினால், அதாவது அமிலம் குறைந்தால், முலாம் மங்கும், உரியும். ஏறாமல் பார்த்துக்கொள்ள, அமிலம் விடும் பம்ப் ஒன்று உண்டு.

இலங்கையில் நான் முன்பு வேலை செய்த கண்டிப் பட்டறையில் பம்ப் கிடையாது. என் ஊரான புசல்லாவையிலிருந்து பஸ் பிடித்துப் போய், சைக்கிள் ஹேண்டில்களுக்கு முலாம் போட்டேன். முதல் வாரமே நாலே முக்கால் என்று உள்ளதை எழுதப் போனேன். கூட வேலை செய்த தெல்தோட்டைச் செல்வம் கையைப் பிடித்தான்.

"மொதல்ல அசிட்ட ஊத்து மச்சான், பொறகு எழுது. நாலுக்கு மேல எழுதினா மொதலாளி நம்மளத்தான் ஏசுவாரு."

ஏச்சோடு நின்றால் பரவாயில்லை. உள்ளதை எழுதிய ஒருவரை எங்கள் கண்ணெதிரே வீட்டுக்கு அனுப்பினார். அதன்பிறகு முதலாளியின் புத்தகத்தில் எப்போதும் நாலுதான்.

அந்தப் புத்தியோடுதான் விமானம் ஏறினேன். இங்கேயும் மூன்று மாதமாகக் காலையில் பிஎச் ஏறியே கிடந்தது. முந்தின ஷிப்ட் பீட்டர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பாவம், அவனுக்கு ஏச்சு விழக்கூடாதே என்று கையால் அமிலம் ஊற்றி, நாலு என்று எழுதினேன். உண்மை எண்ணைச் சட்டைப்பை நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டேன்.

நான் காய்ச்சலில் படுத்த நாளில் பீட்டர் அளந்தான். ஐந்து என்று உள்ளதை எழுதிவிட்டு, பம்ப் பார்த்துக்கொள்ளும் என்று போய்விட்டான். அன்று முலாம் போட்ட குழாய்களெல்லாம் உரிந்தன. மேற்பார்வையாளர் ஹெல்கா புத்தகத்தைப் புரட்டினார். மூன்று மாதமாக நாலு, பீட்டர் கையில் மட்டும் ஐந்து. அவன்தான் எதையோ கலந்து கெடுத்தான் என்று முடிவாகி, வேலைநீக்கக் கடிதமும் தயாரானது.

கேள்விப்பட்டதும் காய்ச்சலோடு போய் நோட்டை ஹெல்காவின் மேசையில் வைத்தேன். என் வேலை போனால் போக்கிடமில்லை; ஆனாலும் நடந்ததைச் சொன்னேன்.

"பீட்டரைக் காப்பாற்றத்தான் செய்தேன்" என்றேன், அரைகுறை ஜெர்மனில்.

பீட்டர் முகம் சிவந்துவிட்டது. "காப்பாற்றவா, மாட்டிவைக்கவா?"

வெட்கத்தில் தலை குனிந்தேன். ஹெல்கா பம்ப்பைக் கழற்றச் சொன்னார், அடைத்துக் கிடந்தது. பீட்டரின் கடிதத்தைக் கிழித்தார். எனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதவில்லை. "இருவரும் சேர்ந்து உண்மை எண்களைப் புத்தகத்தில் ஏற்றுங்கள்" என்றார்.

நான் ஜெர்மனில் வாசிக்க, பீட்டர் எழுதினான். நோட்டில் ஒரு நாளின் எண்ணுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு வரி கிடந்தது.

"அதையும் வாசி" என்றான்.

'இன்று புசல்லாவையில் தேர்' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டேன்.

"அது தொட்டியைப் பற்றியது இல்லை" என்றேன்.

பீட்டர் என் முகத்தைப் பார்த்தான். அந்த நாளுக்கு நேரே ஒரு வரி அளவு இடத்தை வெறுமையாக விட்டு, அடுத்த எண்ணைக் கேட்டான்.