பகல் ஒன்றே காலுக்கு ஆன்லைன்

“செவ்வாய். பகல் 1.15. எண் ஆன்லைனில் இருப்பதாக அவர் மனைவி சொல்கிறார். இறந்து பதினோராம் நாள்.” என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்.

அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் நாங்கள் மூன்று பேர் ஒரே ரூமில் இருந்தோம். நான் ஸ்டோரில் கணக்கு எழுதுபவன். இறந்தவர் பைப் பிட்டர், பெரம்பலூர் பக்கம். மூன்றாமவர் எலக்ட்ரீஷியன். கோடையில் பகல் இடைவேளைக்கு ரூமுக்கு வந்துவிடுவோம். அப்போது இணையத்தில் படித்த ஜப்பானியக் கதைகளை அவர்களுக்குச் சொல்வேன். ஒரு பெண் தவறான ரயிலில் ஏறி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஸ்டேஷனில் இறங்குகிறாள். அங்கிருந்தபடியே பலரும் படிக்கும் ஓர் இணையப் பலகையில் நடப்பதை எழுதுகிறாள். பிறகு எழுத்து நின்றுவிடுகிறது.

“பொண்ணு வீடு போய்ச் சேந்துச்சா இல்லையாண்ணே?” என்று பைப் பிட்டர் கேட்டார்.

“தெரியாது.”

“இதுக்குத்தான் இவ்வளவு நேரம் கேட்டனா?”

அந்தக் கதையை அவர் வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தூக்கத்திலேயே இறந்தார். போனையும் துணிகளையும் ஆபீஸில் ஒப்படைத்தோம். ஒன்பதாம் நாள் உடல் இருந்த பெட்டி ஊருக்குப் போனது. திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதால் மனைவி முகம் பார்க்கவில்லை. பதினோராம் நாள் பகலில் அவர் எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, அவரு ஆன்லைன்ல இருக்காரு. பெட்டிய யாரும் தொறக்கல. அந்த ஸ்டேஷன் மாதிரி எங்கயாச்சும் மாட்டிக்கிட்டாரோ? பதினாறாம் நாள் காரியம் செய்யச் சொல்றாங்க. நான் உக்கார மாட்டேன்.”

எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

மறுநாள் பகலில் பார்த்துவிட்டேன். ரூமுக்குப் பொதுவாக ஒரு பழைய லேப்டாப் இருந்தது. போட்டோ அனுப்புவதற்காகப் பைப் பிட்டர் தன் வாட்ஸ்அப்பை அதில் இணைத்திருந்தார். எலக்ட்ரீஷியன் சீரியல் பார்க்க அதைத் திறக்கும்போது வாட்ஸ்அப்பும் கூடவே திறந்துகொள்ளும்.

“லாக் அவுட் பண்ணியிருக்கலாமே?” என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன்.

“எப்புடிண்ணே? அவரக் கழுத்தப் புடிச்சு ரூம விட்டு வெளிய தள்ளுன மாதிரி இருக்கும்.”

எனக்கும் அது தெரியாமல் இல்லை. திரையின் மூலையில் அவர் படத்தைப் பல நாள் பார்த்திருக்கிறேன்; அதுதான் ஆன்லைன் என்று காட்டுகிறது என்று தோன்றவில்லை. நானும் தொடவில்லை.

அன்று நான்தான் லாக் அவுட் செய்தேன். பிறகு அவர் மனைவிக்குப் போன் போட்டு லேப்டாப் விஷயத்தைச் சொன்னேன்.

“சரிண்ணே. அவரு போனப்புறம் நான் பதினோரு வாய்ஸ் அனுப்புனேன். ஒண்ணுல மட்டும் மைக் நீலமாயிருக்கு, யாராச்சும் கேட்டாத்தான் அப்புடி மாறும். அத யாரு கேட்டது?”

எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். சாமி சத்தியமாக இல்லை என்றார். நானும் அந்த வாய்ஸைத் திறந்து கேட்கவில்லை. இரண்டையும் அப்படியே அவர் மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப அவரு கேட்டுட்டாருன்னு வச்சுக்கறேன்,” என்றார்.

பதினாறாம் நாள் அவர் காரியத்தில் உட்கார்ந்ததாக அவருடைய அண்ணன் தகவல் அனுப்பினார். நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆபீஸில் பூட்டி வைத்த போனை இடையில் யாரேனும் எடுத்தார்களா என்று விசாரித்தேன். அந்த ஒரு வாய்ஸைத் திறந்தது யார் என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.