பொருட்காட்சியில் பெண் பார்த்த கதை

எங்கள் மேலப்பாளையத்தில் அண்ணனைக் காக்கா என்போம். மரத்தில் உட்கார்ந்து கத்துகிறதே, அதற்குப் பெயர் காக்கை. இரண்டும் வேறு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். என் காக்காவுக்குப் பெண் காட்டியது நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. உம்மா ஹயாத்தோடு, உயிரோடு இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாள்.

வாப்பா தறி நெய்கிறவர். காக்காவுக்குத் தறியில் கை ஓடவில்லை. எப்படியோ துபாய்க்கு விசா வந்துவிட்டது. கல்யாணத்தை முடித்து, நாற்பது நாள் வீட்டில் வைத்திருந்து, அப்புறம் விமானம் ஏற்றிவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பெண் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். உம்மா பார்த்தாள், மாமி பார்த்தாள், வெற்றிலை கொடுக்கப் போன பக்கத்து வீட்டுக்காரிகூடப் பார்த்தாள். காக்கா மட்டும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தெருக்களில் நிக்காஹ் முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை பெண்ணின் முகத்தைப் பார்ப்பது. போட்டோ என்ற பேச்சையே பெண்ணின் வாப்பா எடுக்க விடமாட்டார்.

"பொண்ணு பாக்க நாங்க இல்லியா? நீ வேற எதுக்குலே பாக்கணும்?" என்றாள் உம்மா.

காக்கா சத்தம் போடுகிற ஆள் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ரெண்டு வருசம் அந்த மணல்காட்டுல ஒத்த மொகத்த நெனச்சுக்கிட்டுத்தான் கெடக்கணும். அது எனக்குப் புடிச்ச மொகமா இருக்க வேண்டாமா உம்மா? பாக்காம சம்மதம்னு சொல்ல மாட்டேன்."

உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்துத்தான் கட்டுவேன்னு நிக்கானே! ஊரு சிரிக்கும்லே!" மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. காக்கா சம்மதம் சொல்லாவிட்டால் விசாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வாப்பா தறிக்குழியிலிருந்தே கத்தினார்.

ஆனித் தேரோட்டத்தை ஒட்டி டவுனில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்களும் அந்தத் தெருப் பெண்களும் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பஸ் ஏறிப் போவதாக ஏற்பாடு. இது தெரிந்ததும் காக்கா என்னை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டார்.

"ஏளா, ஒனக்கு அந்த வீட்டு அக்காவத் தெரியும்லா?"

எனக்குத் தெரியாதா! அந்த வீட்டில்தான் நான் குர்ஆன் ஓதப் போவது. அந்த அக்கா எனக்கு எத்தனையோ தடவை தலை பின்னிவிட்டிருக்கிறாள்.

"மேஜிக் ஷோ நடக்கும்போது நீ அவ பக்கத்துல போயி உக்காந்துக்கிடணும். நான் ஆம்பளைங்க பக்கம் கயித்தோரமா இருப்பேன். நீ யாரு பக்கத்துல இருக்கியோ அவதான்னு எடுத்துக்கிடுதேன். யாருகிட்டயும் மூச்சு விடாத. ராட்டினத்துல ரெண்டு சுத்து ஏத்திவிடுதேன்."

இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பெண்கள் வெளியே போனால் எல்லோரும் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருப்பார்கள். கூட்டமாக உட்கார்ந்தால் ஆற்றுமணலில் வண்ணான் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். அதில் யார் மகள், யார் மருமகள் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அடையாளத்துக்கு வேறொருத்தி வேண்டும். பாவாடை சட்டையில் ஓடித் திரிகிற என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கொட்டகைக்குள் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. மேடையில் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஒருவர் வந்தார். தன்னைப் புரொபசர் என்று சொல்லிக்கொண்டார். மெட்ராஸ் பட்டணத்தில் கவர்னர் துரை முன்னால் தன் பாட்டனார் செய்துகாட்டிய வித்தைகளைத்தான் இன்று செய்யப்போவதாகவும், அன்றைக்குத் துரைசானிமார்கள் மயங்கி விழுந்ததாகவும், இங்கே யாரும் விழுந்தால் தாம் பொறுப்பில்லை என்றும் மைக்கில் சொன்னார். கோட்டும் பாட்டனார் காலத்தது போலத்தான் இருந்தது. முழங்கையில் நைந்திருந்தது.

காக்கா சொன்னபடி நான் அந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெத்தாம்பெரிய மாமி ஒருத்தி மேடையையே மறைத்துவிட்டாள். புரொபசர் தொப்பிக்குள்ளிருந்து புறாவை எடுக்கிறார், கூட்டம் கைதட்டுகிறது, எனக்குத் தெரிவதெல்லாம் மாமியின் முதுகு. எவ்வளவு நேரம்தான் பொறுப்பேன்? எழுந்து இரண்டு வரிசை முன்னால் போனேன். அங்கே ஒருத்தி, யாரென்றே தெரியாது, "வாளா, இங்கன இரி" என்று என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிரித்த முகம். எட்டுக்கல் மூக்குத்தி. புறா பறக்கும்போதெல்லாம் அவளும் என்னோடு சேர்ந்து 'ஆ' என்றாள்.

ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். காக்கா கயிற்றோரமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை ஆட்டினேன். மூக்குத்திக்காரியும் யாரென்று திரும்பிப் பார்த்து, சட்டென்று துப்பட்டியை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

என்னை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. என் மேல் என்ன தப்பு?

அதற்குள் புரொபசர் ஒரு தைரியசாலியை மேடைக்குக் கூப்பிட்டார். எங்கள் ஊர்ப் பையன்கள் காக்காவைப் பிடித்துத் தள்ளினார்கள். "காக்கா, போங்க காக்கா!"

புரொபசர் மைக்கைப் பிடித்தபடி குழம்பிப்போனார். "காக்காவா? என்கிட்ட புறாதானய்யா இருக்கு!"

கொட்டகை இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். காக்கா மேடை ஏறினார். அவருடைய வலது காதிலிருந்து ஒரு முட்டை வந்தது, இடது காதிலிருந்து ஒரு முட்டை வந்தது. மூன்றாவதைப் புரொபசர் தலையில் வைத்துத் தட்டினார், குஞ்சு வரவில்லை, மஞ்சள்கரு வழிந்தது. காக்கா அதற்கும் சிரித்துக்கொண்டே நின்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ராட்டினத்தில் இரண்டு சுற்று என்றவர் நான்கு சுற்று ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே, "உம்மா, நீங்க சொன்னபடியே ஆகட்டும். எனக்குச் சம்மதம்" என்றார்.

உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அல்லா கண்ணத் தொறந்துட்டான்" என்று சொல்லிவிட்டு சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினாள். அன்று முதல் நிக்காஹ் வரைக்கும் காக்கா வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். தறிக்குழியில்கூட இறங்கி நெய்தார்.

மைனியை, அதுதான் காக்காவின் பெண்டாட்டியை, குறை சொல்ல இதை எழுதவில்லை. அல்லா சாட்சியாக, எங்கள் குடும்பத்தில் அவளைப் போல ஒரு மனுஷி கிடையாது. உம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டு மாசம் முகம் சுளிக்காமல் பார்த்தவள் அவள்தான். காக்காவோடு அவள் வாழ்ந்ததும் நல்ல வாழ்க்கைதான். பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அவள் சொல்லுவாள்: "மாப்ள என்னையப் பாத்துச் சம்மதம் சொன்னாகளோ என்னவோ, நான் பாத்துட்டுத்தான் சொன்னேன். ரெண்டு காதுலயும் முட்டை போட்ட ஒரே மாப்ள எனக்குத்தான் கெடச்சுது." காக்காவும் கூடவே சிரிப்பார். துபாய் போய்ச் சேர்ந்ததும் அவர் போட்ட முதல் கடிதத்திலேயே மைனியின் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். தெருவே கேலி செய்தது. பெண்ணின் வாப்பா முணுமுணுத்துக்கொண்டே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார். புதுமாப்பிள்ளைக்கு அவ்வளவு ஆசை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அந்த மூக்குத்திக்காரி யார், எந்த ஊர், எனக்குத் தெரியாது. காக்கா என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம்? எனக்குப் பிள்ளை பிறந்து, அதை ஒருத்தி மடியிலிருந்து இன்னொருத்தி மடிக்கு மாற்றிக்கொண்டிருந்த ஒரு கல்யாண வீட்டில்தான் எனக்கே இந்தக் கணக்கு புரிந்தது. புரிந்ததும் சாப்பிட முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

நிக்காஹ் முடிந்து காக்காவைப் பெண்வீட்டு உள்ளறைக்குக் கூட்டிப் போனார்கள். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டே போனேன், என்னை யாரும் தடுக்கவில்லை. அறை நிறையப் பெண்கள். நடுவில் கட்டிலில் சிவப்புப் பட்டு மூடிய முகத்தோடு பெண். காக்காவின் விரல் வேர்த்து நனைந்திருந்தது. பெண்ணின் மாமி முறையாகும் ஒருத்தி, "பிஸ்மில்லா சொல்லிப் பாருங்க மாப்ள" என்று பட்டை விலக்கினாள்.

எனக்குத் தலை பின்னிவிடுகிற அக்காதான். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

காக்கா பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். சொன்ன வேலையைச் சரியாகச் செய்ததற்கு மெச்சுகிறார் என்று நினைத்து, விழுந்த பல் விழாத பல் எல்லாம் தெரிய நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.