எல்லாச் சங்கங்களையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் பணிவான வணக்கம். இதை எழுதும்படி அண்ணி என்னிடம் சொல்லிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. எழுத உட்காரும்போதெல்லாம் களைப்பு வந்துவிடுகிறது. இந்த ஓராண்டாக வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் அண்ணனைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்கு உழைத்தவர் என்கிறார்கள் சிலர். ஊரைக் கைவிட்டவர் என்கிறார்கள் வேறு சிலர். நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் இனி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராது என்று நினைத்து எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இந்த மலாயாவில், பந்திங் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கூலி லயத்தில். எங்கள் அப்பாவும் அம்மாவும் கப்பலேறி வந்து அங்கே காடு வெட்டியவர்கள். முதலில் காப்பிச் செடி, பிறகு கித்தா என்கிற ரப்பர் மரம். அண்ணன் நடக்கத் தொடங்கிய காலத்தில் அப்பா தோட்டத்தை விட்டு வெளியேறி கிள்ளானில் ரயில் பாதை வேலைக்குச் சேர்ந்தார். அதனால்தான் அண்ணனுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் கிடைத்தது. நன்றாகப் படித்தார். மேலே படித்திருப்பார். அப்பாவை மலைக்காய்ச்சல் கொண்டுபோனது. அந்த வருடமே பள்ளியை விட்டு, மீசை அரும்பாத வயதில் கிள்ளான் ரயில்வே சரக்கு ஆபீசில் சின்னக் கிராணியாக, எழுத்து வேலைக்கு, உட்கார்ந்தார். அம்மாவையும் என்னையும் காப்பாற்றியது அந்த உத்தியோகம்தான். எனக்குச் சட்டை தைத்துப் போட்டவரும், என்னைப் பள்ளியில் சேர்த்தவரும், பிறகு மேரு பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலைக்குச் சொல்லிவைத்தவரும் அவர்தான்.

பிறகு கோலாலம்பூருக்கு மாற்றலாகி வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் கொடுத்தார்கள். கிள்ளானில் ஒரு ரயில்வே குடும்பத்திலிருந்து அண்ணியைக் கட்டினோம். கமலம் என்று ஒரே பெண் பிறந்தாள்.

அந்தக் காலத்துப் பிரிக்பீல்ட்ஸைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சார விளக்கு வந்தது, பயாஸ்கோப் வந்தது, மோட்டார் பஸ் வந்தது. மாதத்துக்கு ஒரு சங்கம் முளைத்தது. கோயில் கமிட்டி, நாடக சபை, வாசகசாலை, பந்து விளையாட்டுக் குழு, சாவுச் செலவுக்கு ஒரு சங்கம், சீர்திருத்தத்துக்கு ஒரு சங்கம். அநேகமாக எல்லாவற்றிலும் அண்ணன் காரியதரிசி. அவருக்கு ஆங்கிலம் எழுத வரும், துரைமார் முன்னால் நின்று பேச வரும், முடியாது என்று சொல்ல மட்டும் வராது. வேலை முடிந்து வந்து காப்பியை நின்றபடியே குடிப்பார். வாசலில் யாராவது, "கிராணி இருக்காரா?" என்று கூப்பிடுவார்கள். சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிவிடுவார்.

"காலம் ஓடுதுடா. நாமளும் ஓடலேன்னா எவன் நம்மள மதிப்பான்?" என்று என்னிடம் சொல்வார். நானும் அதை உண்மை என்றே நம்பினேன். அப்படி ஓடத் தெரிந்த அண்ணன் இருப்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அண்ணி அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒருமுறை நான் போயிருந்தபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னா நானும் வாசல்ல வந்து நின்னு கிராணி இருக்காரான்னு கேக்கணும் போலிருக்கு." அண்ணனும் சிரித்தார். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

கமலத்துக்கு ஆறு வயது இருக்கும்போது கடுமையான காய்ச்சல் கண்டது. பிழைத்துக்கொண்டாள். அதன் பிறகு கூப்பிட்டால் வரமாட்டாள், பேச்சும் குறைந்தது. பிடிவாதம் பிடிக்கிறாள் என்று அண்ணன் நினைத்தார். "புள்ளைக்குக் காதுல ஏதோ கோளாறு" என்று அண்ணி சொன்னபோதெல்லாம், "சரி, பார்ப்போம்" என்றார். நாடக சபைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நடிகர்கள் வந்திருந்த சமயம் அது. அவர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு அண்ணனுடையது.

ஒரு மாலை வாசகசாலை வாசலில் அண்ணனும் நாலைந்து பேரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அண்ணி கடைக்கு வந்திருந்தார். அவர் சாமான் வாங்கிக்கொண்டிருக்க, கமலம் தெரு நடுவே குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் செங்கல் ஏற்றிய மாட்டு வண்டி. வண்டிக்காரர் கத்தினார், அவள் திரும்பவில்லை. மறுபடி கத்தினார். கடைசியில் கயிற்றை இழுத்துப் பிடித்து, மாட்டின் மூக்கு அவள் தலையில் உரசும் தூரத்தில் வண்டியை நிறுத்தினார். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காது கேக்காத புள்ளைய இப்படித் தெருவுல விட்டுட்டு என்னய்யா பண்றீங்க?" என்றார் வண்டிக்காரர்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருக்குய்யா காது கேக்காது? வாய்க்கு வந்ததப் பேசாதே" என்று தெருவில் இறங்கினார். அப்புறம் ஆதரவுக்காக எங்கள் பக்கம் திரும்பினார். ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்கே தெரிந்திருந்தது. கமலத்தின் தகப்பனாருக்கு மட்டும் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். காய்ச்சலில் போன செவி திரும்பாது என்று டாக்டர் சொன்னார். முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அண்ணனை அது ஆறுதல்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை அண்ணி எனக்குப் பிற்பாடு சொன்னார். கமலம் அதற்குள் தாயோடு பேசச் சில சைகைகள் உண்டாக்கி வைத்திருந்தாள். சோற்றுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. அன்று அண்ணியைப் பார்த்து ஒரு சைகை காட்டினாள். கையைத் தோளுக்கு மேலே தூக்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, போய்வருகிறேன் என்பதுபோல ஆட்டினாள்.

"அது என்ன?" என்று அண்ணன் கேட்டார்.

அண்ணி கமலத்தின் கையைப் பிடித்து இறக்கினார். அவர் மறுபடி கேட்டார்.

"அது நீங்கதான்" என்றார் அண்ணி.

அடுத்த வாரமே அண்ணன் சங்கங்களை விட்டு விலக ஆரம்பித்தார். எழுதியனுப்பாமல் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ச் சொன்னார். நாடக சபைத் தலைவர், "இஷ்டத்துக்குப் போட்டுட்டுப் போனா எப்படி கிராணி? எங்கள நடுத்தெருவுல விட்டுட்டீங்களே" என்றாராம். "இப்பத்தான் இஷ்டப்பட்டு ஒண்ணு செய்யிறேன். இத்தனை நாளும் கூப்பிட்டாங்கன்னு வந்தேன். அவ்வளவுதான்" என்று இவர் சொன்னாராம். தலைக்கனம் என்று பேர் வந்தது. கோயில் திருவிழாவில் அவருக்கு மட்டும் மரியாதை செய்யாமல் விட்டார்கள். சரக்கு ஆபீசில் சிங்கப்பூர் மாற்றலோடு பெரிய உத்தியோகம் சொன்னார்கள். அதையும் வேண்டாம் என்றார்.

விட்டுவிட்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாலையில் வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டால் கால் தானாக வாசலுக்குப் போகும். கமலமும் அவரிடம் ஒட்டவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். நான் ஒருநாள் போனபோது, தகப்பனார் ஒரு மூலையிலும் மகள் ஒரு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படிண்ணே போகுது?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் வேலை தேவலைடா" என்றார். "அங்க என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

மெதுமெதுவாகத்தான் வந்தது. அவளுடைய சைகைகளை இவர் கற்றுக்கொண்டார். பிறகு இருவரும் சேர்ந்து புதிதாக உண்டாக்கினார்கள். மீசையைத் தொட்டால் சித்தப்பாவாகிய நான். கன்னத்தில் கைவைத்துத் தூங்கி எழுவதுபோலக் காட்டினால் நாளைக்கு. 'ஏன்' என்பதற்கு ஒரு சைகை கண்டுபிடிக்க வெகுநாள் ஆயிற்று. அது கிடைத்த பிறகு கமலம் அவரை ஓய விடவில்லை. எழுத்தும் அவரே கற்றுக்கொடுத்தார், சிலேட்டில். கோபப்பட்டுச் சிலேட்டை அவள் உடைத்ததும் உண்டு, இவர் உடைத்ததும் உண்டு. அவருக்கு அவள் வைத்திருந்த அந்தப் பழைய சைகையை மட்டும் அவள் மாற்றவே இல்லை. அவர் எந்நேரமும் வீட்டிலேயே கிடந்த காலத்திலும் தோளுக்கு மேல் கையாட்டினால்தான் அப்பா. அது பெயராகிவிட்டது. அவரும் மாற்றச் சொல்லவில்லை.

பிறகு வந்த வியாபார மந்தத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கித்தா விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மனைவி மக்களோடு மேருத் தோட்டத்தில் இருந்த எனக்கும் வேலை போயிற்று. தோட்டத்தில் ஒரு கமிட்டி கூடி, துரைத்தனத்தாரிடம் முறையிட அண்ணனைத் தலைமை தாங்கக் கேட்கலாம் என்று முடிவு செய்தது. பிரிக்பீல்ட்ஸுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். சொந்த அண்ணன் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன்.

அண்ணன் எல்லோரையும் உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். "இது ராத்திரி பகல் பார்க்காம அலையிற வேலை" என்றார். "என்னால முழுசாச் செய்ய முடியாது. அரைகுறையாச் செய்யிறேன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

"உங்க புள்ள மட்டுந்தான் புள்ளையா கிராணி? எங்க புள்ளைங்க கப்பல்ல போகுது" என்றார் வந்தவர்களில் ஒருவர். நானும் அவர்களோடு கிள்ளான் ரயில் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மேருவுக்கு வந்தார். கிள்ளானிலிருந்து பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்து வந்திருந்தார். "மூட்டையக் கட்டு. எல்லாரும் வீட்டுக்கு வாங்க" என்றார்.

"எத்தனை நாளைக்குண்ணே?"

"வேலை கிடைக்கிற வரைக்கும். உங்க அண்ணியக் கேட்டுட்டுத்தான் வந்தேன். அவ யோசிக்க ஒரு நாள் வேணும்னு சொன்னா, அதான் நேத்து வரல."

முன்பிருந்த அண்ணனாக இருந்தால் அண்ணியைக் கேட்காமல் அன்றைக்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருப்பார், அண்ணி அடுப்பைப் பெரிதாக்கியிருப்பார். அது எனக்குத் தெரியும்.

இரண்டு அறைக் குவாட்டர்ஸில் இரண்டு குடும்பம் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோம். சுகமாக இருந்தோம் என்று எழுதினால் அண்ணியே சிரிப்பார். ஒரு பிள்ளைக்கு இருமல் வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வரும். விறகு விஷயமாக அண்ணியும் என் மனைவியும் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. பிறகு எனக்குக் கிள்ளான் பாசார் சந்தையில் ஒரு கடையில் வேலை கிடைத்தது.

அண்ணன் இல்லாமல் போன அந்த முறையீடு பலிக்கவில்லை. போனவர்கள் போனார்கள். அண்ணன் முன்னால் நின்றிருந்தால் சிலராவது தப்பியிருப்பார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன்.

"நீங்க போயிருந்தா நடந்திருக்குமாண்ணே?"

"தெரியலைடா."

"வருத்தமா இல்லையா?"

"இருக்கு. தினமும் இருக்கு. வருத்தம் இல்லாத வழி ஒண்ணு இருக்குன்னு நெனச்சுத்தான் முன்னெல்லாம் எல்லாத்துக்கும் சரி சரின்னேன்" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

சென்ற வருடம் ஆபீசில் மேசை மேல் சாய்ந்தார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலது கை விழுந்துவிட்டது. டாக்டர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. கமலம் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர்களுடைய பேச்சில் பாதி இரண்டு கையும் வேண்டிய சொற்கள். அந்தப் பாதி போய்விட்டது. மிச்சத்தை அவள் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். தண்ணீர், முதுகு வலிக்கிறது, சித்தப்பா சாப்பிட்டாரா. சிலவற்றைத் தவறாகவும் எழுதுவாள். அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கடைசி வாரத்தில் அவளுக்கும் புரியாத ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

சாவுக்கு வந்த கூட்டம் அதிகமில்லை. ஒரு காலத்தில் அவர் வாசலில் நின்ற கூட்டத்தில் கால்வாசிகூட வரவில்லை. வந்தவர்களுக்கு எங்கள் நன்றி. அண்ணனைத் தூக்கிப் படுக்கவைக்கத் தினமும் வந்த பக்கத்து வீட்டு மெதடிஸ்ட் குடும்பத்தாருக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய தாய்மார்களுக்கும், ஈமக் காரியங்களுக்கு விடுப்பெடுத்து உடனிருந்த ஆபீஸ் நண்பர்களுக்கும், மனத்தாங்கலை வைத்துக்கொண்டே வந்து பாடைக்குத் தோள் கொடுத்த நாடக சபையார் இருவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். வராதவர்கள்மேல் எங்களுக்குக் குறையில்லை.

அண்ணி குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கமலத்தோடு கிள்ளானில் எங்களுடன் இருக்கிறார். கமலம் தையல் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளோடு பேசத் தயங்க வேண்டாம். அவள் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாக, வாயசைவு தெரியும்படி பேசினால் போதும். அவசரமாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். கத்த மட்டும் வேண்டாம்.