உம்மாவின் ராட்சசன்

மஃரிபுத் தொழுகை முடிந்த அந்தி நேரம். ஒரு வண்டு உள்ளே வந்து டியூப்லைட்டில் மோதியது. மகள் விளக்குமாற்றை ஓங்கினாள்.

"அடிக்காதட்டி!" என்று கத்திவிட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாரல் காலத்தில் எங்கள் தென்காசி வீட்டுக்கு இப்படித்தான் வண்டுகள் வரும். ஈரச் சுவரும் சாம்பிராணியும் கலந்து மணக்கும். கரண்ட் போனதும் உம்மா ராட்சசன் கதை சொல்வாள். மற்றவர்கள் சொல்லும் கதையில் ராட்சசன் இங்கே இருப்பான். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு வண்டுக்குள் இருக்கும். உம்மா அதைத் தலைகீழாக்கியிருந்தாள்.

"ராட்சசன் நல்லவன். ஏழு கடலுக்கு அங்கன கெடந்து கல்லு சுமக்குதான். உசுர மட்டும் ஒரு வண்டுக்குள்ள வச்சு பிள்ளைகள்ட்ட விட்டுட்டுப் போயிருக்கான். வண்டு வந்தா அடிச்சிரக் கூடாது, என்னா?"

வாப்பா அப்போது சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். ராட்சசன் யாரென்று நாங்கள் கேட்டதே இல்லை. அண்ணன் வண்டுகளைத் தீப்பெட்டியில் பிடித்துப் பத்திரமாகக் கொல்லையில் விடுவான்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் போனில் செய்தி வந்தது. வாப்பா மாடியிலிருந்து விழுந்து மவுத்தாகிவிட்டார். வீடு முழுக்க அழுகை. அண்ணன் மட்டும் கட்டிலுக்கடியிலும் அடுப்படியிலும் குனிந்து குனிந்து தேடினான். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஏட்டி, வண்ட அடிச்சியா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லுதியா?"

உம்மா அதைக் கேட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் எங்களுக்குக் கதையே சொல்லவில்லை.

இப்போது என் வீட்டுக்காரரும் சவுதியில்தான் இருக்கிறார்.

"ஏம்மா அடிக்கக் கூடாது?" என்றாள் மகள்.

வண்டைக் கைக்குள் பொத்தி ஜன்னல் வழியே விட்டேன். வாப்பா மவுத்தான அன்றைக்கும் நாங்கள் ஒரு வண்டைக்கூட அடித்திருக்கவில்லை.