அப்பாவுக்கு நான் போட்ட வீட்டுக்காவல்

நேற்று வந்த பதிவுத்தபாலை இன்று காலைதான் பிரித்தோம். கீழ்வீட்டுக்காரரின் வழக்கறிஞர் அனுப்பியது. எங்கள் கிரைண்டர் விடியற்காலையில் அவரை எழுப்பிவிடுகிறதாம். தலைப்பு பிரெஞ்சில்: "மிஸ் ஓன் டெமர்."

வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான்தான். "மிஸ்" என்றால் வைத்தல், "டெமர்" என்றால் வீடு. ஆகவே "வீட்டில் வைத்தல்" என்று மொழிபெயர்த்தேன்.

அப்பாவின் முகம் வெளிறியது.

"ஆரை? என்னையோ?"

"உங்கட பேர்தான் போட்டிருக்கு, அப்பா."

உடனே துறைமுகத்தில் மேற்பார்வை செய்பவருக்குப் போன் எடுத்தார். "அண்ணை, இண்டைக்கு வரேலாது. கோர்ட்டால என்னை வீட்டுக்குள்ள வைச்சிட்டாங்கள்."

அம்மா குப்பையைக் கொடுத்தபோது, மாடி வாசலைத் தாண்டாமல் நின்றபடியே பையைக் கீழே தெருவுக்கு எறிந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்து, பள்ளி நூலகத்தில் சட்ட அகராதியைப் பார்த்தேன். அது வழக்குப் போடுவதற்கு முன் அனுப்பும் முறையான எச்சரிக்கை, அவ்வளவுதான். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

"அப்ப உள்ளுக்க போக வேண்டியது கிரைண்டர்தான்," என்றார் அம்மா.

சோபாவில் கால்நீட்டிக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, அகராதியை நாளைக்குத்தான் பாத்தனி எண்டு வைப்பமே?"

என் மொழிபெயர்ப்பைத் திருத்திவிட்டேன். அப்பா மேல்முறையீடு செய்திருக்கிறார். நீங்கள் யார் பக்கம்?