முருகன் லுங்கி லோடில் ஏறமாட்டான்

எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நான் நம்பினேன். ஒரு வாரத்துக்கும் மேலாக, முழு மனத்தோடு நம்பினேன். என்னைப்போல் நெஞ்சுப் படபடப்போடு இதைப் படிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நீங்களும் ஏதோ ஒன்றை நம்பிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

அன்று ஆடிக் கிருத்திகை. பூக்காவடியோடு திருத்தணி மலைப்படியில் பாதி தூரம்கூட ஏறியிருக்கமாட்டேன். நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்தன. மூச்சு உள்ளே போனது, ஆனால் போதவில்லை. எனக்கு முன்னால் ஏறுகிறவரின் மஞ்சள் வேட்டி எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. உடம்பு உதறியது.

வேறு ஊராக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில், ஆடிக் கிருத்திகை அன்று, காவடியோடு உதறுகிறவனுக்கு யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடமாட்டார்கள். அரோகரா போட்டார்கள். ஒரு பெரியவர் என் நெற்றி முழுக்க விபூதியை அப்பிவிட்டு, "யாரு வந்துகிறது? சொல்லுப்பா, யாரு?" என்றார்.

"தண்ணி," என்றேன்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கும்பிட்டார். "சாமி, எம் பொண்ணுக்கு எந்தப் பக்கம் சாமி வரன் அமையும்?"

"தண்ணி... தண்ணி..."

"ஆங், கேட்டுக்கினியா? மெட்ராஸ் பக்கம்தானாம். கடல் கீதுல்ல அங்க," என்று அவர் தன் வீட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு எங்கே கல்யாணம் ஆனதோ தெரியாது. கடலோரத்தில் ஆகியிருந்தால் நான் பொறுப்பில்லை.

நான் வேன் ஓட்டுகிறவன். பொதட்டூர்பேட்டை தறி வீடுகளில் லுங்கி மூட்டைகளை ஏற்றித் திருத்தணியில் இறக்குவது வேலை. பெயர் மணி, ஊரில் நக்கல் மணி. சாமியாடுகிறவர்களிடம், "போற வழிதான், வேன்ல இறக்கி உட்டுறட்டா சாமி?" என்று கேட்டுச் சிரித்தவன். அதனால் முருகன் கணக்குத் தீர்க்கிறான் என்றே முடிவு செய்தேன். கறி சாப்பிடுவதை நிறுத்தினேன். மனைவி சுகுணா என்னை 'நீங்க' என்பதற்கு மேல் ஏதாவது மரியாதை இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னால் அந்த வாரம் நன்றாகவே போனது.

அடுத்த முறை அது வந்தது பொதட்டூர்பேட்டை ரோட்டில். வெயில், பின்னால் லுங்கி மூட்டை, கையில் ஸ்டீயரிங். காவடி இல்லை, மேளம் இல்லை. அதே நெஞ்சு, அதே விரல்கள். வண்டியை ஓரம் கட்டிப் புளியமரத்தடியில் படுத்துவிட்டேன். முருகன் லுங்கி லோடில் ஏறமாட்டான் என்பது எனக்கே விளங்கியது. ஆகவே அடுத்த முடிவுக்கு வந்தேன். மாரடைப்பு.

ஈசிஜி (நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் பரிசோதனை) எடுத்தார்கள். பிறகு எக்கோ (ஒலி அலைகளால் இதயம் வேலை செய்வதைத் திரையில் பார்ப்பது). ரத்தமும் பார்த்தார்கள். டாக்டர் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, "ஒண்ணுமில்ல, போங்க," என்றார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இதயத்தில் கோளாறு என்று சொல்லியிருந்தால் அழுதிருக்கமாட்டேன். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு அடிக்கிறதென்றால், ஏதாவது இருந்துவிட்டால் என்ன ஆவேன்?

அதன்பின் என் உலகம் சுருங்கியது. கழுத்தில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டே இருப்பேன். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டேன். சட்டைப்பையில் விபூதிப் பொட்டலம், மாரடைப்பு வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை; கையில் தண்ணீர் பாட்டில். சலூனில் துணியைக் கழுத்தில் கட்டினால் அவசரத்துக்கு எழுந்து ஓட முடியாதே என்று முடிவெட்டப் போகவில்லை. முடியும் தாடியும் வளர்ந்தன. "மொட்டைக்கு வேண்டுதலா?" என்று கேட்டார்கள். "ஆங்," என்றேன். எங்கள் ஊரில் ஒரு வசதி, கோழையும் பக்தனும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள்.

வேன் வாசலிலேயே நின்றது.

அது என் வண்டி இல்லை. அக்காவின் கணவருடையது. நான் அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். முந்தைய ஆண்டு அவர் இறந்தபின் வண்டி என்னிடம் வந்தது. இரண்டு வீட்டு அடுப்பும் அந்த வண்டியால் எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஒருநாள் வந்து வேனின் மேல் உதிர்ந்திருந்த வேப்பிலைகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே, "மணி, யாரோ கேக்கறாங்கடா வண்டிய. குட்த்துடலாமா?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். நான் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர்தான் பெயர் சொன்னார். பேனிக் டிசார்டர் (வெளியில் ஆபத்து இல்லாதபோதும் உடம்பு ஆபத்துக்கால மணியை அடித்துவிடுவது, பிறகு அந்த மணிக்கே மனிதன் பயந்து ஒடுங்கிவிடுவது). கவுன்சிலிங் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். அன்றிலிருந்து, பைத்தியம் என்பதை நாகரிகமாகச் சொல்லிவிட்டார் என்று நம்ப ஆரம்பித்தேன். என் நம்பிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

கவுன்சிலிங் மேடத்துக்கு என்னைவிடச் சில வயது குறைவாக இருக்கும். தன் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் மேடம் என்றே வைத்துக்கொள்கிறேன். மெத்தைச் சாய்வு நாற்காலி, ஆடுகிற கடிகாரம் எல்லாம் எதிர்பார்த்துப் போனேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மின்விசிறியும் இருந்தன. அவர் கேள்வி கேட்குமுன் நான் கேட்டேன்.

"மேடம், இந்தப் பைத்தியக்கார வேலைக்கு நீங்க எப்படி வந்தீங்க?"

அவர் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார். அம்மையார்குப்பத்தில் தறி வீட்டில் பிறந்தவர். படித்து முடித்ததும் ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறார்.

"தாள் நல்லாத்தான் வரும் சார். டாக்டர் ஒண்ணுமில்லன்னுவாரு. அந்த ஆளு வெளிய வந்து அழுவாரு. அடுத்த வாரம் திரும்ப வருவாரு. கம்பிய ஒட்டறது நான்தானே, எங்கிட்டதான் கேப்பாங்க, ஒண்ணுமில்லன்னா அப்புறம் இது இன்னாம்மான்னு. எனக்குப் பதில் தெரியல. அதுக்காகத்தான் வேலைய உட்டுட்டு மறுபடியும் படிக்கப் போனேன்."

வராந்தா பெஞ்ச் நினைவு வந்தது.

"எங்கிட்ட ஒண்ணுமில்லன்ற வார்த்தை கிடையாது," என்றார். "உங்களுக்கு வர்றது நெசம். நெஞ்சு நெசமாத்தான் அடிக்குது. அதுக்கு நீங்க சொல்ற காரணம்தான் தப்பு."

பிறகு தறியைப் பற்றிச் சொன்னார். பக்கத்து அறையில் விசைத்தறி ஓடினாலும் அவர் வீட்டுப் பிள்ளைகள் அசந்து தூங்குவார்களாம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொள்வார்களாம். "விருந்தாளி வந்தா ராத்திரியெல்லாம் உக்காந்தே இருப்பாங்க. அதே சத்தம்தான். நீங்க உங்க உடம்புலயே விருந்தாளியாட்டம் உக்காந்துகினு இருக்கீங்க சார்."

அவர் வைத்தியம் விசித்திரமானது. பயத்தை விரட்டவில்லை, வரவழைத்தார். நெஞ்சுப் பரிசோதனைகளை எல்லாம் பார்த்து, டாக்டரிடமும் கேட்ட பிறகுதான் தொடங்கினார். இதைப் படித்துவிட்டு நீங்களாகச் செய்து பார்க்கவேண்டாம். நின்ற இடத்திலேயே ஓடவைத்தார். ஜூஸ் கடை உறிஞ்சுகுழாய் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். தலை சுற்றும்வரை சுழலவைத்தார். எனக்குப் பயமூட்டிய அதே உணர்வுகளை, பாதுகாப்பான அறைக்குள், நானே என் கையால் உண்டாக்கவேண்டும். உண்டாக்கிவிட்டு ஓடாமல் உட்கார்ந்திருக்கவேண்டும்.

"நானே அவஸ்தைப்பட்டுக்கினு வந்துகிறேன், நீங்க வேற புதுசா வரவழைக்கறீங்களே!"

"வருதா?"

"வருது மேடம், வருது!"

"வரட்டும். நாடியப் புடிக்காதீங்க. கைய மடியில வைங்க."

அவரும் என்னோடு சேர்ந்து ஓடினார், உறிஞ்சுகுழாயில் மூச்சு விட்டார். வியர்த்து, கொண்டை அவிழ்ந்து, அவருக்கும் மூச்சு வாங்கியது. அலை ஏறியது. இனி செத்தேன் என்று தோன்றும் உயரத்துக்குப் போனது. பிறகு, நான் ஒன்றுமே செய்யாமல், தானாக இறங்கியது. பாட்டில் இல்லாமல், மாத்திரை இல்லாமல். அப்படி அது இறங்கி நான் பார்த்ததே இல்லை. அதற்குள் எப்போதும் ஓடிவிட்டிருந்தேன்.

அவர் எனக்கு வைத்த இன்னொரு விதி இதைவிடக் கடினம். ஜோக் சொல்லலாம். ஆனால் சொன்னபின், அதற்கு முந்தைய நொடியில் உடம்பில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். முதலில் கடுப்பாக இருந்தது. சிரிப்பு மூட்டுகிறவனிடம் சிரிப்புக்கு ரசீது கேட்பதா?

ஒருநாள் மலைக்கு வண்டியில் போவது பற்றிக் கேட்டார். "மலைப்பாதை நமக்கு ஆவாது மேடம், முருகனுக்கு என்னப் பார்த்தா பொறாமை," என்றேன்.

"அதுக்கு முன்னாடி?"

விரல் நுனிகள் மரத்திருந்தன. அதைச் சொன்னேன். பிறகு பாவாவைப் பற்றிச் சொன்னேன்.

பாவா மலைமேல் வண்டி நிறுத்தும் இடத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி இறந்தார். சவாரி கூட்டிப்போயிருந்தார். தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேறு வண்டியில் ஏறி வந்திருந்த நான்தான் எழுப்பப் போனேன். "பாவா, சாமியே நடை சாத்திட்டுப் படுத்துட்டாரு, நீ எழுந்துரு," என்று கதவைத் தட்டினேன். தோளைத் தொட்டேன். மாரடைப்பு என்றார்கள். அவருக்கு அப்போது என்ன வயதோ, எனக்கு இப்போது அந்த வயது. சாவுக்கு வந்த எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப்பின் நான் மலைக்கு ஏறப் பார்த்த முதல் நாள்தான் அந்த ஆடிக் கிருத்திகை.

மேடம் ஆறுதல் சொல்லவில்லை. "அடுத்தது எங்க போவணும்னு உங்களுக்கே தெரியும் சார்," என்றார். தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

படிப்படியாகப் போனேன். முதலில் நின்ற வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு தெருக்கோடி வரை, பிறகு கனகம்மாசத்திரம் வரை. இடையில் ஒருமுறை தோற்று, வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீடு வந்தேன். அன்று அக்கா வண்டி வாங்குகிறவரை வரச்சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. "அவர் வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒருவாட்டி மலைக்குப் போயிட்டு வந்துடலாம்க்கா," என்றேன். பாவா இறந்தபின் அவளும் அங்கே போனதில்லை.

மறுநாள் காலை கிளம்பினோம். பக்கத்தில் அக்கா, பின்னால் சுகுணா. பாட்டிலையும் பொட்டலத்தையும் மாத்திரையையும் வீட்டிலேயே வைத்தேன். மலைப்பாதை வளைவில் அது வந்தது. நெஞ்சு, விரல்கள், மூச்சு, எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து சேர்ந்தன. வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி பிரேக் போட்டேன்.

"ஏங்க, தண்ணி வேணுமா?" என்றாள் சுகுணா.

"வேணாம்."

ஒரு ஜோக் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினேன். அதற்கு முன்னால் இருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பயமா கீதுக்கா."

அக்கா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவா ஒட்டிய மயிலிறகுப் படம் ஓரத்தில் உரிந்துகொண்டிருந்தது. அதை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"எனக்குந்தாண்டா," என்றாள். "கொஞ்ச நேரம் இரு. அப்புறம் ஓட்டு."

இருந்தோம். மேலே போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டின. அலை ஏறியது, நின்றது, இறங்கியது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு ஓட்டினேன்.

மேலே, அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அக்கா அழுதாள். இந்த முறை நானும் அழுதேன். இறங்கி வந்ததும் வண்டி வாங்குகிறவருக்கு அவளே போன் செய்து, "குடுக்கறதா இல்லீங்க," என்றாள்.

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். அது இன்னும் எப்போதாவது வருகிறது, போன வாரம்கூட சலூன் நாற்காலியில் வந்தது. பாதி தலை வெட்டியிருந்ததால் ஓடவும் முடியவில்லை. முன்பு அது வந்தால் அந்த நாளே முடிந்துபோகும். இப்போது வந்து, இருந்துவிட்டு, போகிறது, முடிவெட்டி முடிகிறது. நெஞ்சு அடிப்பது பகலில் பெரும்பாலும் கேட்பதில்லை. விருந்தாளி மெல்ல வீட்டு ஆளாகிக்கொண்டிருக்கிறான்.

அந்த ஆடிக் கிருத்திகையில் என்மேல் வந்தது சாமி இல்லை. மாரடைப்பும் இல்லை. பாவா செத்துப்போயிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.