வளைவில் நாலு சீட்

எங்கள் வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என் அண்ணியிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் எதிர்வரிசை டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் கற்றவர்கள். அவர் யாரையும் திட்ட மாட்டார். யார் எதில் கொண்டுபோய் இடித்தாலும் சிரிப்பார். அண்ணியின் பள்ளியில் ஒரே கார், ஒரே ஆசிரியை. அந்தக் காரில் ஓட்டுகிறவரிடம் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் அண்ணியின் காலடியில் இன்னொரு பிரேக். ஓட்டுகிறவருக்கு ‘ஐயோ’ என்று தோன்றுவதற்குள் அண்ணி மிதித்திருப்பாள். அதனால் ‘பிரேக் மேடம்’ என்று பெயர் வந்துவிட்டது. யாரோ முதுகுக்குப் பின்னால் கேலியாக ஆரம்பித்த பெயர். அவள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

நான் அவளுடைய நாத்தனார். அவர்கள் கீழ்வீட்டில், நான் மாடியில். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சாப்பாடு பெரும்பாலும் கீழேதான். அண்ணி என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவள். நேரில் வாய் நிறைய ‘நீங்க’ போட்டாலும் மனதுக்குள் அவள் எனக்கு ‘நீ’தான்.

அவளோடு டிவி பார்ப்பது ஒரு தனி அனுபவம். படத்தில் எவனாவது காரைத் தாறுமாறாக ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பாள். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரரின் செருப்பை மிதித்து மன்னிப்புக் கேட்பாள். என் கடையில் கண் பரிசோதனைக்கு வந்தவள், எழுத்துப் பலகையைப் படிப்பதற்கு முன் கண்ணாடிக் கதவு வழியே சாலையைப் பார்த்துவிட்டு, “அந்த லாரிக்காரன் திரும்பப்போறான், சிக்னல் போடலை பாரு” என்றாள். லாரி திரும்பியது. அவள் கண்ணுக்கு என்ன பரிசோதனை வேண்டியிருக்கிறது என்று எனக்கே தோன்றியது.

இப்படிப்பட்டவளுக்குக் கார் ரேஸ் பார்க்கும் ஆசை வந்தது என்றால் யார் நம்புவார்கள்? கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டர், சிக்னலில் நின்றபோது தன் போனில் ஒரு ரேஸைக் காட்டினாராம். சிக்னலில் போனை எடுத்ததற்காக முதலில் அவருக்கு அர்ச்சனை நடந்தது. பிறகு வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, முழுவதையும் பார்த்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அதே பேச்சு.

“எல்லாரும் என்னா வேகம், என்னா வேகம்னு வாயைப் பொளக்குறாங்க. அந்தப் பசங்க வேகத்துல ஜெயிக்கலை. வளைவுக்கு எவ்வளவு கிட்டப் போய் பிரேக் மிதிக்கிறாங்களோ, அதுல ஜெயிக்கிறாங்க. ஒரு நொடி முன்னாடி மிதிச்சா தோத்தான். ஒரு நொடி பிந்துச்சுன்னா வெளியில போய் விழுந்தான். நான் அதை நேர்ல பாக்கணும்.”

‘பாக்கலாம்’ இல்லை, ‘பாக்கணும்’. அண்ணி அப்படிச் சொல்லிவிட்டால் அது நடந்த மாதிரிதான்.

பந்தய மைதானம் எங்கள் ஊரிலிருந்து காரில் அரை நாள் தூரம். பஸ் கிடையாது. ரயிலில் போனால் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கடைசியில் வயல்வெளியில் நடக்க வேண்டும். அண்ணியே ஓட்டுவது என்று முடிவானது. எங்கே டீ, எங்கே டாய்லெட், மூன்று மணிக்கு வெயில் எந்தப் பக்கம் விழும், காதில் வைக்கப் பஞ்சு எவ்வளவு என்று எல்லாவற்றையும் அவளே தீர்மானித்தாள். சீட்டு விஷயத்தில் மட்டும் மகள் எதிர்த்து நின்றாள். அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். வாயில் அம்மாவுக்குத் தப்பாத பெண்.

“கூரை போட்ட இடம் இருக்கும்மா. ரேஸ் முடியுற கோடு அங்கதான் இருக்கு.”

“முடியுற இடத்துல என்னடி இருக்கு? ஒருத்தன் கொடியை ஆட்டுவான், அவ்வளவுதான்.”

“யார் ஜெயிச்சான்னு தெரிய வேணாமா?”

“அதான் மைக்குல சொல்லுவானே.”

நீளமான நேர்ப்பாதை முடிந்து சட்டென்று திரும்பும் வளைவில், கூரை இல்லாத படிக்கட்டில், நாலு சீட் எடுத்தாயிற்று. அந்த வளைவுக்கு அடிதடி என்று பிறகுதான் தெரிந்தது. எதிர்வரிசை மாஸ்டர் அதற்கே முயன்று கிடைக்காமல், “மேடம், யாராவது வரலைன்னா சொல்லுங்க” என்று தினமும் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார்.

போவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அண்ணியின் கால் உடைந்தது. கார் இடித்து அல்ல. பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒருவரை இறங்கி நின்று திட்டிக்கொண்டே, தானும் பின்னால் பார்க்காமல் நடந்து, நடைபாதை விளிம்பில் கால் மடங்கி விழுந்தாள். வலது கணுக்கால். முழங்கால் வரை மாவுக்கட்டு. பார்க்கப் போனபோது எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அவளும், “சிரிச்சுத் தொலை, வயித்துல வெச்சுக்காத” என்றாள்.

ஆனால் மாவுக்கட்டோடு ஓட்ட முடியாது. யார் ஓட்டுவது? இதுதான் பெரிய கேள்வி. ஏனென்றால் அண்ணி தன் காலடியில் பிரேக் இல்லாமல், இன்னொருவர் ஓட்டும் காரில் உட்கார்ந்ததே இல்லை. வாடகை டிரைவர் ஒருவரைப் போனில் பிடித்தாள். எத்தனை வருட அனுபவம் என்று கேட்டாள். அந்தப் பாவி மனிதர், “அந்த ரோட்டுல நான் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேம்மா” என்றார். அண்ணி போனை வைத்தாள்.

மகள் நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைவிடத் தன் தலைமுடியைத்தான் அதிகம் பார்ப்பாள். “நான் வேணா ஓட்டட்டுமா?” என்று நான் கேட்டேன். யாரும் அதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. நான் லைசென்ஸ் வாங்கியது நாலாவது தடவையில்.

“அப்ப டிக்கெட்டை மாஸ்டர்கிட்டயே குடுத்துருவோம், போய்ப் பாத்துட்டு வரட்டும்” என்று அண்ணி சொன்னாள். சாதாரணமாகச் சொல்வது போல்தான் சொன்னாள். ஆனால் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் குழாயை மூடினான்.

“நான் ஓட்டுறேன்.”

என் அண்ணன் பெயிண்ட் கடையில் டெலிவரி வேன் ஓட்டுகிறான். நகரம் முழுக்க, சந்து பொந்தெல்லாம், டின் டின்னாகப் பெயிண்ட் இறக்குகிறான். இதுவரை ஒரு கீறல் இல்லை. ஆனால் அவன் ஓட்டி அண்ணி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதற்கு ஒரு கதை உண்டு.

கல்யாணமான புதிதில் அண்ணி அவனுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். தெருமுனை வரைதான் போனார்கள். அதற்குள் அவள் எத்தனை தடவை மிதித்தாளோ தெரியாது. அண்ணன் வண்டியை நிறுத்தி, சாவியை அவள் மடியில் வைத்துவிட்டு, இறங்கி நடந்தே வீடு வந்தான். பிறகு எதிர்வரிசை மாஸ்டரிடம் ரகசியமாகக் கற்றான். ரகசியம் என்று அவன்தான் நினைத்தான். மாஸ்டர் மறுநாள் காலையிலேயே அண்ணியைப் பார்த்து வழக்கத்தைவிட அகலமாகச் சிரித்தார்; குட்டு உடைந்தது. அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம், குடும்பமாகக் கிளம்பினால் அவள் ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பான்.

“நீங்களா?” என்றாள் அண்ணி.

“நானேதான். நம்ம வீட்டுக் காரை எடுத்துக்கலாம்.”

“ஸ்கூல் காரே இருக்கட்டுமே. எனக்குத்தான் கால் கட்டுல இருக்கு, எந்தக் காரா இருந்தா என்ன?”

“இன்னொரு கால் சும்மாதானே இருக்கு. உன்னை எனக்குத் தெரியாதா?”

மகள் கையைத் தட்டிச் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. வரும் ஞாயிறு காலை ஊர் எல்லை வரை ஒரு ஓட்டம், அது சரிப்பட்டால் ரேஸ், இல்லாவிட்டால் டிக்கெட் மாஸ்டருக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். அண்ணன் சரி என்றான். ரேஸ் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எனக்குத் தெரியும். வேகமாகப் போகும் எதைப் பார்த்தாலும் அவனுக்குத் தலை சுற்றும். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தடவை, நிம்மதியாக ஓட்ட வேண்டும். அதை அவன் வாயால் கேட்டிருக்க மாட்டான். நான் உடன் பிறந்தவள், எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். இந்தக் கூத்தை விடுவேனா? அண்ணியின் சீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டுக்காலை நீட்டி வைத்தோம். ஊன்றுகோல் என் மடியில். அண்ணன் கண்ணாடிகளைச் சரி செய்து, பெல்ட்டைப் போட்டு, அவளிடம் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

மிதிக்கப் பிரேக் இல்லாததால் அண்ணியின் கை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. தன் தொடையில் ‘பட்’டென்று அடித்தாள். அதற்குப் பிறகுதான் வண்டி வேகம் குறைந்தது. ஒரு நாய் எழுந்து நின்று யோசித்தது; மறுபடி ‘பட்’. சிக்னல் மஞ்சளானது, ‘பட்’. ஒவ்வொரு தடவையும் அடி முதலில், பிரேக் பிறகு. நூலிழைதான் வித்தியாசம், ஆனாலும் அடிதான் முந்தியது. அண்ணனுக்கும் அது கேட்காமல் இருக்குமா? அவன் காது மடல் சிவந்திருந்தது. கை மட்டும் ஸ்டியரிங்கில் தளர்வாகவே இருந்தது.

“பின்னால பைக்” என்றாள் அண்ணி.

“பாத்துட்டேன்மா.”

“எப்பப் பாத்தீங்க?”

“நீ சொல்றதுக்கு முன்னாடி.”

“முன்னாடி பாத்தா முன்னாடி விலகியிருக்கணும்.”

இது தெருமுனையில் சாவி கொடுத்த கதையாகத்தான் முடியப்போகிறது, ஊன்றுகோலோடு நாங்கள் மூன்று பேரும் நடந்து வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று நினைத்தேன்.

மரச்சாமான் கடைகள் இருக்கும் சாலைக்குள் திரும்பினோம். ஓரமாக வரிசையாக வேன்கள் நின்றன. தூரத்தில் சிக்னல் பச்சையாக இருந்தது. அண்ணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை காலி. அண்ணன் வேகத்தைக் குறைத்தான். எதற்கு என்று தெரியவில்லை. இன்னும் குறைத்து, ஒரு வேனுக்குச் சற்று முன்பாக முழுசாக நிறுத்தியேவிட்டான்.

“எதுக்கு...” என்று அண்ணி வாயெடுத்தாள்.

இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு மெத்தை வெளியே வந்தது. அதன் அடியில் ஒரு ஆள். தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்ததால் அவருக்கு எந்தப் பக்கமும் தெரியாது. எங்கள் காரின் முகப்பில் மெத்தையின் ஓரம் உரசிக்கொண்டு போனது. ஒரு கார் நிற்பதே தெரியாமல் அவர் சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குள் நுழைந்தார்.

அண்ணியின் கை மடியில் அப்படியே இருந்தது. அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். குரலே மாறியிருந்தது.

“வேனுக்கு அடியில ரெண்டு கால் நடந்துச்சு. நானும் இந்த மாதிரி டின்னைத் தூக்கிட்டு இறங்குறவன்தானே. தலையில சுமை இருந்தா ரோட்டைப் பாக்க முடியாது.”

அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு பேரும் அந்த மெத்தை போன கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஊன்றுகோலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“எடுங்க” என்றாள் அண்ணி. “பின்னால ஹார்ன் அடிக்கிறான்.”

அண்ணன் எடுத்தான். அடுத்த சிக்னலில் மஞ்சள் விழுந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ‘பட்’ வரவில்லை. எட்டிப் பார்த்தால், அண்ணி சாலையையே பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, தன் பக்கத்து ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் எல் போர்டோடு போய்வருகிற அதே சாலை.

“என்னங்க, இங்க எப்ப பேக்கரி வந்துச்சு?”

“அது பத்து வருஷமா இருக்கே.”

“பத்து வருஷமாவா!” என்றாள். கழுத்தைத் திருப்பி, பேக்கரி மறையும் வரை பார்த்தாள். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“ரேஸுக்குக் காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு நீங்களே சொல்லுங்க” என்றாள். “நான் வேடிக்கை பாத்துக்கிட்டு வரேன்.”